பச்சை டேப் மூணு சுத்து

சிரிக்கட்டும். நல்லாச் சிரிச்சுக்கிடட்டும் நாச்சிமுத்து சார். இன்னும் முக்கால் மணி நேரம்தானே, உலகத்திலேயே உயரமான கட்டடத்தில் நூற்று இருபத்து நாலாவது மாடிக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் இருக்கிற பல்லையெல்லாம் காட்டிக்கிடட்டும், அங்கே வைத்து அந்தச் சிரிப்பை வேரோடு பிடுங்கவில்லையென்றால் என் பேர் ஞானதிரவியம் இல்லை என்று நினைத்துக்கொண்டே ஞானதிரவியம் கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். ஒயர் இருந்தது. ஒரு முழ ஒயர், ரெண்டு நுனியிலும் கவ்வி, கவ்விக்குக் கீழே பச்சை டேப் மூணு சுத்து. கோயம்புத்தூரில் இருந்து வேட்டி மடிப்புக்குள் சுருட்டிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த சாமான். மெட்ரோ ஸ்டேஷனில் இருந்து துபாய் மாலுக்குப் போகிற கண்ணாடிப் பாலம் முடிகிற பாட்டைக் காணோம். நடுவில் ஓடுகிற நகரும் பாதை எல்லோரையும் நிற்க வைத்தே கொண்டுபோகிறது, வெளியே வெயில் வெள்ளை வெளேரென்று காய்கிறது, உள்ளே ஏசி எலும்பைப் பிடிக்கிறது. நாலடி முன்னால் நாச்சிமுத்து சார், கழுத்தில் பயிற்சி அட்டை, தலையில் புதுத் தொப்பி, பக்கத்தில் பயிற்சி கொடுத்த பைஜு. திருச்சூர்க்காரன் பைஜு தோளில் கை போட்டு என்னமோ சொல்ல, சார் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். ஐம்பத்தேழு வயதில் தொப்பி ஒரு கேடு. அந்தத் தொப்பிக்குள் இருக்கிற மண்டையில் ஒன்பது வருஷமாக ஒரு பொம்பளையின் முறிந்த இடுப்பு ஒரு நாளாவது வந்து போயிருக்குமா? வந்திருக்காது. வந்திருந்தால் காலையில் வகுப்பில் அப்படி ஒரு கதை சொல்ல வாய் வந்திருக்குமா? வீட்டில் பெட்டி கட்டும்போது பெண்டாட்டி ஜெபக்கனி ஒயரைப் பார்த்துவிட்டு, "இத எதுக்குக் கொண்டு போறிய?" என்று கேட்டாள். அதோடு விட்டாளா, இன்னொன்றும் கேட்டாள். சவத்த விடு, அது இப்போ எதுக்கு. ஞானதிரவியம் அவளைக் கத்தின கத்தலில் தூங்கின பிள்ளை எழுந்து அழுதது.

அந்த ஒயருக்குப் பேர் ஜம்பர், அதற்கு லிஃப்ட்காரன் மட்டும்தான் பயப்படுவான். மற்றவனுக்கு அது வெறும் ஒயர். கதவு மூடாமல் லிஃப்ட் நகரக் கூடாது, அதுதானே லிஃப்டின் வேதம்? ஆனால் ரிப்பேர் பார்க்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டி வரும். அப்போ மேலே மிஷின் ரூமில், பேனலுக்குள், இந்த ஒயரை ரெண்டு முனையிலும் கவ்வ விட்டால் போதும், கதவு மூடியிருக்கிறது என்று லிஃப்ட் நம்பிவிடும். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் வந்தாயோ, கொலைகாரன். அதனால்தான் சாரோடு வேலை பார்த்த நாளில் ஒரு பழக்கம். பழைய பவுடர் டப்பாவில் மூணு ஜம்பர், கூடவும் கிடையாது குறையவும் கிடையாது. சாருடையது பச்சை டேப், மற்ற ரெண்டும் கறுப்பு. மெயின் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் சார் கேட்பார், "எண்ணிட்டியாடா?" டப்பா வைத்திருக்கிறவன் வாய் திறந்து எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் கன்னத்தில் விழும். "மூணு சார்." அப்புறம்தான் சுவிட்ச். அப்புறம் பூட்டு. சார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாடா கண்ணு, ஒட்டுக்கா போலாம்" என்பார். ஒட்டுக்கா. கொங்குச் சொல். நாசரேத்தில் இருந்து வந்த புதிதில் அதைக் கேட்டு ஞானதிரவியம் சிரித்திருக்கிறான், சேர்ந்து போவதற்கு இப்படி ஒரு வார்த்தையா என்று. பிறகு அதைக் கேட்காவிட்டால் வேலை முடிந்த மாதிரியே இருக்காது. சார் மேல் உயிராக இருந்தான், அதைச் சொல்லாமல் என்ன? சார் வீட்டுப் பொங்கலுக்குக் கரும்பு சுமந்தவன். சாருக்குத் தலைசுற்றல், உயரத்தில் நின்று கீழே பார்க்க முடியாது. லிஃப்ட் வேலையில் அது வெளியே தெரிந்தால் பிழைப்புப் போச்சு. லிஃப்ட் கூண்டின் மண்டையில் ஏறி நின்று செய்கிற வேலையையெல்லாம் ஆறு வருஷம் இவன்தான் செய்தான், சார் செய்ததாகப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தனுக்கும் மூச்சு விட்டதில்லை. உப்புப் போட்டுத்தானே தின்றான், நன்றி இருந்தது.

அந்த நன்றிக்குக் கிடைத்த கூலி! மாலுக்குள் நுழைந்தாயிற்று. ரெண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டி, உள்ளே சுறாவும் திருக்கையும் நீந்துகின்றன. கூட வந்த பத்துப் பேரும் அங்கே ஓடி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். திருக்கை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் ஒட்டி மேலே ஏறியது, ஞானதிரவியத்துக்கு ஈர வேட்டி ஞாபகம் வந்தது. கோமளம் அன்றைக்கு வைத்திருந்ததும் ஈரத் துணிதான். கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் ஒரு பழைய அஞ்சு மாடி, கையால் இழுத்து மூடுகிற கிரில் கதவு லிஃப்ட். சனிக்கிழமை மத்தியானம். சாருக்கு அக்கா பேத்தி காதுகுத்து, கறிச்சோறு ஆறிப்போகும் என்று நின்ற இடத்தில் நிற்காமல் பறந்தார். எண்ணிட்டியாடா, மூணு சார், சுவிட்ச், பூட்டு, ஒட்டுக்கா போலாம். கீழே வந்து சார் டிவிஎஸ்ஸை உதைத்துக் கிளப்பும்போது உள்ளேயிருந்து அலறல். மூணாவது மாடியில் யாரோ கிரில்லை மூடாமல் போயிருக்கிறார்கள், கிரில் திறந்திருந்தும் லிஃப்ட் நகர்ந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டது. வீட்டு வேலை செய்கிற கோமளம், முகத்தை மறைக்கிற அளவுக்கு ஈரத் துணி வாளியை அணைத்துக்கொண்டு, கிரில் திறந்திருக்கிறதே, லிஃப்ட் நிற்கிறது என்று காலை எடுத்து வைத்துவிட்டாள். சார் முகம் சுண்ணாம்பாகப் போனது. "டேய், மேல ஓடு. ஜம்பர் இருக்கான்னு பாரு. இருந்தா எடுத்துரு, மொதல்ல அதை எடு." ஓடினான். கீழே குழிக்குள் ஒரு பொம்பளை "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருக்க, அவளிடம் ஓடாமல் அஞ்சு மாடி ஏறி ஓடினான். பேனலைத் திறந்தால் பச்சை டேப். பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். "தூக்கிக் கெணத்துல போட்ரு" என்றார் சார். "போட்டுட்டேன் சார்" என்றான், போடவில்லை. ஏன் போடவில்லை என்று அவனுக்கே தெரியாது. நல்லவேளை போடவில்லை. நாலாம் நாள் விசாரணைக்கு ஆள் வந்தபோது சார் எழுதிக் கொடுத்திருந்தது என்ன தெரியுமா? மூணாவது மாடிக் கதவுப் பூட்டை மெக்கானிக் ஞானதிரவியம் சரியாகப் பொருத்தவில்லை. ஜம்பர் என்கிற பேச்சே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

எட்டு மாதம் வேலை இல்லை. திரும்ப எடுத்தபோது மெக்கானிக் இல்லை, ஹெல்பர். அதிலிருந்து மறுபடி மெக்கானிக் ஆக அஞ்சு வருஷம். ஜெபக்கனிக்கும் அவனுக்கும் நிச்சயம் ஆகியிருந்த நேரம், அவள் வீட்டில் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றார்கள், அவள்தான் கட்டினால் இவனைத்தான் என்று நின்றாள். அப்பா நாசரேத்தில் கோயில்பிள்ளை, மணியடிக்கிற வேலை. "ஏலே, ஒரு பொம்பளப்பிள்ள இடுப்ப முறிச்சுட்டியாமே, மெய்யா?" என்று போனில் கேட்டார். இவன் பேசவில்லை. அந்த வருஷ லெந்து நோன்பு நாளிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார், மகன் குற்றவாளி என்று நம்பிக்கொண்டே போனார். இதற்கெல்லாம் நாச்சிமுத்து பதில் சொல்ல வேண்டாமா? கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஜெபக்கனி சொல்வாள். கர்த்தருக்கு நூறு சோலி, இந்த ஒரு சோலியை நான் பார்த்துக்கிடுதேன் என்று ஞானதிரவியம் மனசுக்குள் சொன்னான். சொன்னபோது இனிப்பாக இருந்தது. பழி வாங்கப்போகிறவன் முகத்தில் ஒரு களை வரும்போல, தொட்டிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கே பிடித்திருந்தது.

அதுவும் காலையில் நடந்த கூத்து இல்லாவிட்டால்கூட, ஒருவேளை, ஒயரை வேட்டி மடிப்பிலேயே திருப்பிக் கொண்டுபோயிருப்பான். அஞ்சு நாள் பயிற்சி, வேகமாக ஓடுகிற புது லிஃப்டுகளைப் பற்றி. நல்ல பயிற்சி, குறை சொல்லக் கூடாது. கடைசி நாளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு தவறைச் சொல்ல வேண்டும், தான் செய்ததோ, கண்ணால் பார்த்ததோ. மற்றவர்கள் சின்னச் சின்னதாகச் சொன்னார்கள். நாச்சிமுத்து எழுந்தார். தொண்டையைச் செருமினார். "எங்கிட்ட ஒரு பையன் இருந்தானுங்க. தங்கமான பையன். ஆனா அவசரம். ஒரு கதவுப் பூட்டுல ஒரு நிமிஷ அவசரம், ஒரு பொம்பளைக்கு ஆயுசுக்கும் நடை போச்சு." குரல் உடைந்தது. ஆமாம் சாமி, உடைந்தது! கைக்குட்டையை எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பைஜுவுக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டாத ஒரே கை ஞானதிரவியத்தின் கை, அதையும் யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்து தேநீர்க் கோப்பையை வாங்கும்போது சார் தோளில் தட்டி, "தப்பா எடுத்துக்காத கண்ணு. பேரு சொல்லல பாத்தியா" என்றார். பேரு சொல்லல பாத்தியா! அந்தச் சூடான தேநீரை அப்படியே அந்த முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை, குடித்தான். அதற்கப்புறம்தான் பைஜு வந்து சொன்னான், சாருடைய கதையைப் பாடப் புத்தகத்தில் சேர்க்கிறார்களாம், தென்னிந்தியா முழுக்கப் புதுப் பையன்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்களாம், சாரையே பாதுகாப்புப் பயிற்சி ஆசிரியராகப் போடப்போகிறார்களாம். கதை உண்மை என்று அன்றைக்கு அந்த இடத்தில் இருந்த இன்னொரு ஆள் கையெழுத்துப் போட வேண்டும். "சார் சொன்னார், அண்ணனும் அவிடெ உண்டாயிருந்து என்று. ஒரு கையெழுத்து, ஆறு மணிக்குள்ள போதும்." மேலே போய்ப் போடுகிறேன், அந்த உயரத்தில் நின்று போட்டால் ஞாபகமாக இருக்கும் என்றான் ஞானதிரவியம். பைஜுவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. சார் ஒரு நொடி இவனை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

திட்டம் இதுதான். மேலே சுற்றிலும் கண்ணாடி. சாரைக் கண்ணாடி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும், பத்துப் பேர் பார்க்க. தலைசுற்றும், வேர்க்கும், கால் நடுங்கும். அப்போது ஒயரை எடுத்து அந்தக் கையில் வைக்க வேண்டும். இது ஆருதுன்னு தெரியுதா சார்? அந்த முகம் ஒன்பது வருஷம் முன்னே போன மாதிரி மறுபடி சுண்ணாம்பாகப் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அப்புறம் பைஜுவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் என்றால், சார் வைத்த ஜம்பர், சார் எடுக்கச் சொன்னது, சார் எழுதிய பொய். அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. எண்ணிட்டியாடா என்று சார் கேட்டார், சுவிட்சைப் போட்டார். இடையில் ஒன்றுமில்லை. யோசித்துக்கொண்டே வந்தவன் பாதுகாப்புச் சோதனை வந்ததைக் கவனிக்கவில்லை. தட்டில் போன், பெல்ட், பர்ஸ் எல்லாவற்றையும் போட்டான், ஒயரை மறந்துபோனான். வளைவுக்குள் நுழைந்ததும் கீக் என்றது. காவலாளி பையைக் காட்டச் சொன்னான். ஒயர் வெளியே வந்தது. விளக்கு வெளிச்சத்தில் ரெண்டு கவ்வியும் பளபளவென்று, பச்சை டேப் அழுக்கேறி. காவலாளி அதை ரெண்டு விரலால் தூக்கிப் பிடித்து இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டான். போச்சு, குப்பைத் தொட்டியில் போடப்போகிறான், ஒன்பது வருஷம் போச்சு. பின்னால் நின்ற நாச்சிமுத்து முன்னே வந்தார். கழுத்து அட்டையைக் காட்டி, "லிஃப்ட் டெக்னீஷியன், சார், டெக்னீஷியன். ஒன்லி டெஸ்டிங் ஒயர். நோ ப்ராப்ளம்" என்றார். காவலாளி அட்டையையும் ஒயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒயரை அவர் கையிலேயே கொடுத்தான். அவர் கையில்! அவர் அதைப் பார்த்தார். கட்டை விரலால் டேப்பை ஒரு தடவு தடவினார். பிறகு நாலாக மடித்து ஞானதிரவியத்தின் சட்டைப் பையில் செருகி, பையை ஒரு தட்டுத் தட்டினார். "பத்திரமா வெச்சுக்கோடா" என்றார்.

தெரிந்துகொண்டாரா, இல்லையா? வரிசை வளைந்து வளைந்து நகர்ந்தது. தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாரா? தெரியாமலிருந்தால் எதற்குத் தடவ வேண்டும்? டேப் சுற்றுவது ஒருத்தன் கையெழுத்து மாதிரி, சொந்தக் கை தெரியாமல் போகுமா? கிழட்டுக் கண், தெரிந்திருக்காது. இல்லை, தெரிந்துவிட்டது, என்னை ஆழம் பார்க்கிறார். இல்லை, தெரியவில்லை. ஞானதிரவியத்துக்கு வெறி வந்தது. ஒன்பது வருஷம் பொத்தி வைத்த அடியை ஒருத்தன் சட்டைப் பையில் செருகித் தட்டிவிட்டுப் போகிறான். இந்த மனுஷனுக்கு மேலே கண்ணாடி ஓரத்தில் தலைசுற்றினால் மட்டும் போதாது, மண்டிபோட வேண்டும், கோமளத்தின் வீட்டு வாசல் வரைக்கும் மண்டிபோட்டே வர வேண்டும். கோமளத்தை ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறான், வேலை திரும்பக் கிடைத்த வாரம், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு. உக்கடம் பக்கத்தில் ஒற்றை அறை. நாடாக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அவன் யாரென்று சொன்னதும் வைவாள், அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் சாத்துக்குடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "உன்னைய என்ன தம்பி சொல்றது. வாளிய வெச்சுட்டுப் பாத்து ஏறியிருக்கோணும். நாந்தான் பாக்காம காலை வெச்சேன்" என்றாள். நாந்தான் பாக்காம. அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். அது உங்க தப்பு இல்லம்மா, கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகரவே கூடாது, அது நகர்ந்ததுக்குக் காரணம் இருக்கு என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. சார்தான் சொல்ல வேண்டும், நான் எதுக்குச் சொல்ல என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மறுபடி போகவில்லை.

லிஃப்ட் கதவு திறந்தது. பன்னிரண்டு பேரும் பைஜுவும் உள்ளே. கதவு மூடியது, விளக்கு மங்கியது, சுவர்களில் நீலமாகப் படங்கள் ஓடின, யாரோ பாட்டுப் போட்டார்கள். புறப்பட்டதே தெரியவில்லை. எண் மட்டும் ஓடியது. பத்து, பதினெட்டு, இருபத்தாறு. ஒரு நிமிஷம்தான் மேலே போக, வகுப்பில் கணக்கெல்லாம் சொன்னார்கள். காது அடைத்தது. இவ்வளவு பெரிய லிஃப்டுக்கும் வேதம் அதே வேதம்தான், கதவு மூடாமல் நகரக் கூடாது. ஞானதிரவியத்தின் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சார். பயம், ஈரக் கை. ஆறு வருஷம் இந்தக் கை இப்படித்தான் பிடிக்கும், மொட்டை மாடிச் சுவர் ஓரம் நடக்கும்போது. உதறு, உதறித் தள்ளு என்றது மனசு. கை உதறவில்லை. நாற்பத்தொன்று, அம்பது. எண்ணிட்டியாடா? அன்றைக்கு மிஷின் ரூமில் சார் படிக்கட்டுப் பக்கம் நிற்கிறார், ஒரு கையில் சாவி. டப்பா ஞானதிரவியத்தின் மடியில். எண்ணிட்டியாடா, மூணு சார், சுவிட்ச். எப்போதும் இந்த இடத்தில் மனசு ஒரே தாவாகத் தாவிச் சுவிட்சுக்குப் போய்விடும். இன்றைக்குத் தாவ இடமில்லை, நாலு பக்கமும் ஆள், காதுக்குள் அடைப்பு, மணிக்கட்டில் அந்தக் கை. அறுபத்தெட்டு. ஜெபக்கனி கேட்டாளே. பெட்டி கட்டும்போது, ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் கேட்டாள், பாவி. "அன்னைக்கு எங்கூட போன்ல பேசிக்கிட்டே 'மூணு சார்'னு சொன்னிய. என்ன மூணுன்னு நான்கூடக் கேட்டேன். நெசமா எண்ணினியளா?" எழுபத்தொன்பது. போன் இடது தோளில் இடுக்கியிருந்தது. நிச்சயம் ஆகி ஒன்பதாவது நாள். கல்யாணப் பட்டு அரக்கா, மயில் கழுத்தா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். டப்பா திறந்துதான் இருந்தது. உள்ளே ரெண்டு கறுப்பு டேப். பார்த்தான். கண் பார்த்தது. வாய் எப்போதும் சொல்கிறதைச் சொன்னது. மயில் கழுத்தே எடுங்க, மூணு சார், ஆமா மயில் கழுத்து. நூற்று ரெண்டு. நூற்றுப் பத்து. இது உன் தப்புதாம்லே, திரவியம். அப்பா கேட்ட கேள்விக்கு நீ ஏன் பேசவில்லை என்று இப்போது தெரிகிறதா? வாய் திறந்திருந்தால் மூணு வந்து விழுந்திருக்கும். அப்போ இந்தப் பழி? இந்த ஒன்பது வருஷத்து நெருப்பு? அதுவும் பொய்யா? இல்லை. அது பொய் இல்லை. அவர் வைத்தது அவர் வைத்ததுதான், அவர் எழுதினது அவர் எழுதினதுதான். நூற்று இருபத்து நாலு. கதவு திறந்தது.

வெயில் அடித்தது. கண்ணாடிக்கு வெளியே ஊரே கிடந்தது, ரோடுகள், குட்டி குட்டிக் கட்டிடங்கள், அப்பால் சாம்பல் பூத்த கடல். எல்லோரும் ஆ ஊ என்று ஓடினார்கள். நாச்சிமுத்து ஓடவில்லை. நடுச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார், தொப்பி கையில், மேல் உதட்டில் வேர்வை. ஞானதிரவியம் அவரைக் கண்ணாடிக்கு இழுக்கவில்லை. அது சின்னப் புத்தி, தேவையில்லை. கிட்டே போய்ச் சட்டைப் பையில் இருந்து ஒயரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"இது ஆருதுன்னு தெரியுதா சார்?"

முகம் சுண்ணாம்பாகப் போகவில்லை. அவர் ஒயரைக் கூடப் பார்க்கவில்லை.

"கீழயே தெரிஞ்சு போச்சுடா."

"பொறவு எதுக்குத் திருப்பித் தந்திய?"

"நீ பேச மாட்டேன்னு தெரியும். ஒம்போது வருஷமாப் பேசலையே, இப்பப் பேசவா போற?" சார் குரல் தாழ்ந்தது, அன்பாகக்கூட இருந்தது. "பேசுனா எண்ணுனது யாருன்னு கேப்பாங்க. நான் எத்தனைன்னு கேட்டேன். நீ மூணுன்னே. பொண்ணுகிட்டப் பேசிட்டே, டப்பாவுக்குள்ள கை விடாமச் சொன்னே. நான் பாத்துட்டுத்தான்டா நின்னேன்."

ஞானதிரவியத்துக்குச் சட்டென்று காது திறந்தது. பாத்துட்டுத்தான்டா நின்னேன். அப்படியானால் கன்னத்தில் அறைய வேண்டிய ஆள் அன்றைக்கு அறையவில்லை. கறிச்சோறு ஆறுகிறது, போகட்டும் என்று சுவிட்சைப் போட்டார். என் பொய் அவருக்குத் தெரியும், அதைப் பிணையாக வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினார், நானும் அதற்குப் பயந்துதான் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் பயத்துக்குக் கோபம் என்று பேர் வைத்துக்கொண்டேன். ஒருத்தியை நாடாக் கட்டிலில் உட்கார வைத்து, நாந்தான் பாக்காம வெச்சேன் என்று சொல்ல வைத்துவிட்டு, ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். கோபம் தணியவில்லை. இன்னும் ஏறியது. இப்போது அது ரெண்டு பேருக்கும் சேர்த்து எரிந்தது, அதனால் நன்றாக எரிந்தது.

பைஜு கையில் டேப்லெட்டோடு வந்துவிட்டான். "அண்ணா, சைன். ஆறு மணி ஆகப்போகுது."

"போட மாட்டேன் பைஜு சார். அந்தக் கதை பொய். பூட்டுல ஒரு குத்தமும் இல்ல. ஜம்பர் உள்ள இருந்துச்சு, இந்தா இந்த ஜம்பர். வெச்சது இவர். டப்பாவுல ரெண்டுதான் இருந்துச்சு, எண்ணாம மூணுன்னு சொன்னது நான். நான் எண்ணலைன்னு பாத்துக்கிட்டே சுவிட்சு போட்டது இவர். பொம்பள குழிக்குள்ள கெடந்து கத்தும்போது மேல ஓடி இத ஒளிச்சது நான்." மூச்சு வாங்கியது. "கதவு தெறந்திருக்கு, லிஃப்ட் நிக்குதுன்னு நம்பிக் கால வெச்சதத் தவிர அவ ஒரு தப்பும் பண்ணல. இத எழுதுங்க, இதுக்குக் கையெழுத்துப் போடுதேன். பேரெல்லாம் போட்டு எழுதுங்க. மொதல்ல கோமளம்."

பைஜு எழுதவில்லை, சாரைப் பார்த்தான். சார் ஒயரைப் பையில் போடப் பார்த்தார், அந்த அவசரத்தில் கவ்வி சட்டையைக் கவ்விக்கொண்டது. பைஜு கையை நீட்டி அதைக் கழற்றினான், பச்சை டேப்பைப் பார்த்தான், தானே வைத்துக்கொண்டான். பிறகு டேப்லெட்டில் இருந்ததை அழித்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தான்.

சார் முதுகு சுவரோடு சறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ஞானதிரவியத்தின் மணிக்கட்டை மறுபடி பிடித்தார். இப்போது முகம் சுண்ணாம்பு.

"டேய், கண்ணு. நீயும் போயிருவடா. உம் பிள்ளகுட்டி... உனக்கும் வேலை போயிரும்டா."

ஒன்பது வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்ட முகம். ஞானதிரவியம் கையை உதறாமல் நின்று, அதை நிதானமாகப் பார்த்தான்.

"போகட்டும் சார்" என்றான். "ஒட்டுக்கா போலாம்."